பெயிலிஃப் வரும்வரை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், வெஸ்ட் மாலிங் என்ற ஊரருகே, கிங் ஹில் என்றொரு விடுதி இருந்தது. வீடிழந்த குடும்பங்களுக்காக உள்ளாட்சி நிர்வாகம் நடத்தியது. தாயும் பிள்ளைகளும் அங்கே தங்கலாம்; கணவன் தங்கக்கூடாது. மூன்று மாதத்துக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் தாயும் வெளியேற வேண்டியதுதான். பிள்ளைகள் அரசுப் பராமரிப்புக்குப் போவார்கள். விக்டோரியா காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 1965 இல் நடந்தது. அந்த ஆண்டு சில கணவர்கள் மனைவி பிள்ளைகளோடு உள்ளே குடியேறி, வெளியேற மறுத்தார்கள். நிர்வாகம் நீதிமன்றத் தடையாணை வாங்கியது. அதை மீறியவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். கட்டிய மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததற்குச் சிறை!

பழைய ஏழைகள் சட்டத்தை 1948 இலேயே ஒழித்துவிட்டதாக பிரிட்டன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டம், முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க முடியாத சூழலில் தவிப்பவர்களுக்குத் தற்காலிக இருப்பிடம் தரச் சொன்னது. தீ விபத்து எதிர்பாராதது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வது எதிர்பாராததா? அந்தக் கேள்விக்குள் பல குடும்பங்கள் விழுந்தன.

1966 நவம்பர் 16 அன்று பிபிசி ‘கேத்தி கம் ஹோம்’ என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. எழுதியவர் ஜெரெமி சான்ட்ஃபோர்ட், இயக்கியவர் கென் லோச். ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். கடைசிக் காட்சியில் ரயில் நிலையத்தில் வைத்துக் கேத்தியிடமிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிச் செல்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 1 அன்று, ஷெல்டர் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. நாடகத்தைப் பார்த்துத்தான் ஷெல்டர் பிறந்தது என்று பலரும் சொல்வார்கள். இரண்டு வாரத்தில் அமைப்பு பிறக்காது. ஏற்பாடுகள் முன்பே நடந்துகொண்டிருந்தன. ஆனால் நாடகம் அதற்குக் காற்றாக வீசியது உண்மை.

சட்டம் வர இன்னும் பதினொரு ஆண்டுகள் ஆயின. வைட் தீவின் லிபரல் உறுப்பினர் ஸ்டீபன் ராஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1977 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம், கர்ப்பிணி, முதுமையாலோ நோயாலோ நலிந்தவர் ஆகியோர் முன்னுரிமை பெற்றார்கள். குடும்பத்தைச் சேர்த்தே குடியமர்த்துவது கவுன்சிலின் கடமையானது. அதே மசோதா நாடாளுமன்றத்தில் நகர்கையில் ஒரு நிபந்தனையும் உள்ளே வந்தது. வரிசையைத் தாண்டி வீடு வாங்கப் பொய்யாக வீடிழப்பார்கள் என்று கவுன்சில்களும் உறுப்பினர்கள் சிலரும் பயந்தார்கள். ஆகவே, ‘வேண்டுமென்றே வீடிழந்தவர்’ என்று முடிவானால் நிரந்தரக் கடமை இல்லை. கொஞ்ச நாள் தங்கவைத்தால் போதும்.

அந்தச் சொல் எவ்வளவு நீளும் என்பதை வாண்ட்ஸ்வொர்த் வழக்கு காட்டியது. நான்கு பிள்ளைகளோடு வாடகை பாக்கியில் மாட்டிய ஒரு தம்பதி, நீதிமன்ற ஆணை வரும்வரை இருங்கள் என்ற ஆலோசனையைக் கேட்காமல், உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு அங்கேயும் இருக்க முடியவில்லை. எப்படியும் சில மாதங்களில் வெளியேற்றப்பட்டிருப்பார்கள் என்பது தெரிந்ததே. ஆனாலும், முன்னதாகக் கிளம்பியது வேண்டுமென்றே செய்த செயல்தான் என்று 1981 இல் பிரபுக்கள் சபை 3-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பை நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு குடும்பம். தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் வவுனியாவைச் சேர்ந்த ஒருவர் வந்தார். மனைவி, ஆறு வயது மகள், மூன்று வயது மகன். இரவு வேலை. வாடகை பாக்கி ஒரு பென்னிகூட இல்லை. வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறார். காரணம் சொல்லத் தேவையில்லாத, 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு நோட்டீஸ், இரண்டு மாதம்.

“லூட்டனில மாமா ஒரு அறை தாறன் எண்டவர் அண்ணா. நாலு சனம் பாக்க பெயிலிஃப் வந்து சாமானைத் தூக்கி வெளியில வைக்கிறதோ? மரியாதையா நாங்களே வெளிக்கிடுவம்.”

நம்மில் யாரும் அதைத்தான் சொல்வோம். போகச் சொன்ன வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது நம் வழக்கத்தில் மானக்கேடு. ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தில் அந்த மரியாதைக்கு வேறு பெயர் உண்டு. வாண்ட்ஸ்வொர்த் கதையை அவருக்கு இரண்டு முறை சொன்னேன். மனைவிதான் முதலில் பிடித்துக்கொண்டார்.

“அப்ப போகாமல் இருக்கிறதுதான் பிள்ளையளுக்கு நல்லது, என்ன அண்ணா?”

அவர் அப்போது கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ‘வேண்டுமென்றே’ என்று எழுதிவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? குழந்தைகள் நலத்துறை பார்த்துக்கொள்ளும். ஆனால் 2003 இல், பார்னெட் தொடர்பான வழக்கில், பிள்ளையோடு சேர்த்துப் பெற்றோரையும் குடியமர்த்தும் கடமை அந்தத் துறைக்கு இல்லை என்று பிரபுக்கள் சபை சொன்னது. அதுவும் 3-2. பிள்ளைக்கு மட்டும் இடம் தரலாம். கிங் ஹில் மூடிய பிறகும் அதன் ஒரு கதவு திறந்தே இருந்தது.

நம்மவர்கள் நிறைய வாழும் ஹாரோ கிழக்கின் உறுப்பினர் பாப் பிளாக்மன் கொண்டுவந்த 2017 ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்குக் கைகொடுத்தது. வீடிழக்க 56 நாள் இருக்கும்போதே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும். பெயிலிஃப் வரும்வரை குடும்பத்தைக் காத்திருக்க வைப்பது பொதுவாக நியாயமில்லை என்று அரசின் வழிகாட்டலும் சொல்கிறது. கவுன்டரில் இருந்தவரோ பெயிலிஃப் தேதி வந்ததும் வாருங்கள் என்றார். அதை எழுத்தில் கேட்டோம். என் தொழிலில் லாக் என்போம்: யார், எந்தத் தேதி, என்ன சொன்னார். ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சுக்கும் பிறகு ஒரு மின்னஞ்சல். வங்கி அறிக்கை, வாடகை ரசீது, பள்ளிக் கடிதம், வதிவுரிமை ஆவணம் எல்லாம் ஒரே கோப்பில். பெரிய வீரம் ஒன்றுமில்லை, சலிப்பான வேலை.

பெயிலிஃப் வந்த நாளில் ஒரு ஹோட்டல் அறை கிடைத்தது. நால்வருக்கு இரண்டு கட்டில், சமைக்க மைக்ரோவேவ். குடும்பங்களை அப்படி ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்ற விதி 2004 முதல் உண்டு. ஐந்தாவது வாரம் மாற்றினார்கள். வேறு எல்லைக்குள் ஒரு தற்காலிக ஃபிளாட், மகளின் பள்ளிக்கு இரண்டு பேருந்து. ‘வேண்டுமென்றே அல்ல’ என்ற முடிவுக் கடிதம் அங்கேதான் வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஹவுசிங் அசோசியேஷன் வீடு, இரண்டு படுக்கையறை. இங்கிலாந்தில் 2023 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இருப்பிடத்தில் இருக்கையில், இது சீக்கிரம் என்றே சொல்ல வேண்டும்.

பால் காய்ச்ச என்னையும் அழைத்தார்கள். லூட்டன் மாமாவும் வந்திருந்தார். அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பெயிலிஃப் வந்த அன்று எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று பார்த்தாராம்.