மெய்நிகர்ப் பொறி

கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினியான ‘விர்ச்சுவல் மெஷின்’ என்பதைத் தமிழில் மெய்நிகர்ப் பொறி என்கிறோம். மெய் என்பது உண்மை, நிகர் என்பது ஒப்பு. உண்மைக்கு ஒப்பானது என்றால் உண்மை அல்லாதது, அதாவது போலி என்றுதானே ஆகிறது என்று சிலர் மறுக்கக்கூடும். ஆனால் ‘விர்ச்சுவல்’ பிறந்த லத்தீன் வேரான ‘விர்ட்டூஸ்’ ஆற்றலைக் குறிப்பது. உருவில் இல்லாவிட்டாலும் ஆற்றலில் உண்டு என்பதே அதன்வழி வந்த பொருள். 1974இல் கணினி அறிவியலாளர்கள் போப்பெக், கோல்ட்பர்க் இருவரும் இந்தப் பொறியை வரையறுத்தபோது, பெரும்பாலான கட்டளைகளை உண்மையான செயலியே நேரடியாக இயக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். போலிக்கு இந்த நிபந்தனை பொருந்தவே பொருந்தாது.

பழுது பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகும். இன்டெல் செயலி உள்ள கணினியின் பயாஸில் விடி-எக்ஸ் எனும் மெய்நிகராக்க வசதி அணைந்திருந்தால், மெய்நிகர்ப் பொறிகளை இயக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் 64 பிட் இயங்குதளம் ஓடாது. 8 ஜிபி நினைவகத்தில் 7 ஜிபியை உள்ளே இருக்கும் பொறிக்கே கொடுத்துவிட்டால் கணினி, பொறி இரண்டுமே திணறும். உண்மைக் கணினியின் மீதான இந்தச் சார்பை ‘நிகர்’ சொல்லவில்லை என்பது நியாயமான குறைதான். உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு வழங்கும் ‘விருந்தினர்’ என்ற பெயர் அந்தக் குறையைத் தீர்க்கிறது. விருந்தினருக்கும் தனி எல்லை உண்டு. நாட் எனும் பிணைய முறையில் விருந்தினர் இணையத்தை எட்டும், ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் அமைக்கும்வரை வெளியிலிருந்து யாரும் அதை எட்ட முடியாது. இதைக் கோளாறு என்று எண்ணி மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுவது வீண் உழைப்பு.