தோட்டப் பள்ளிக்கூடமும் கணினிக் கல்வியும்

கோலா சிலாங்கூருக்கு உல்லாசமாகப் போகிறவர்கள் மலாவாத்திக் குன்றின் பீரங்கிகளையும், கலங்கரை விளக்கத்தையும், கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் இரவில் மினுங்கும் மின்மினிகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவர். அதே சிலாங்கூர் ஆற்றை எதிர்த்து உள்ளே சென்றால், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கியதும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றதுமான சிற்றூர் வரும். அதனை அடுத்துள்ள தென்னமரம் தோட்டத்தைக் காணப் போவோர் மிகச் சிலரே. ஆயினும் மலாயாவின் பொருளாதாரச் சரித்திரத்தில் அத்தோட்டத்துக்குத் தனியிடம் உண்டு. 1917-ல் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாகச் செம்பனையை வியாபாரப் பயிராக நட்டது அங்கேதான். அவரே பின்னர் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-ல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் பெற்றார். பயிர் ஆப்பிரிக்காவினது, துரை பிரான்சு தேசத்தவர், தோட்டத்தின் பெயரோ தமிழ்ச் சொல்.

இப்பெயரை இங்கு எடுத்துக்கூறக் காரணம் உண்டு. தன் மொழிச் சொல்லையே தோட்டத்தின் பெயராகக் கேட்டு வளர்ந்த தொழிலாளியின் பிள்ளைகள் அங்கே என்ன கற்றார்கள், கற்றதைக் கொண்டு எங்கே போனார்கள் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். கணினி என்றும், தகவல் தொழில்நுட்பம் என்றும், சமூகக் கல்லூரி என்றும் இக்காலத்தில் பேசுகிறோம். இவை வானத்திலிருந்து குதித்தவை அல்ல. இவற்றுக்கு முன்னே நூறாண்டுக் கல்விக் கதை ஒன்று இருக்கிறது. அதை அறியாதவன் இவற்றின் மதிப்பையும் அறியான், குறையையும் அறியான்.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்கும் பேச்சை எடுத்தது. 1923-ம் ஆண்டுச் சட்டம் அதை மேலும் வலியுறுத்தி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. விதித்தவர்கள் ஒன்றை மறந்தார்கள்; அல்லது வேண்டுமென்றே மறந்தார்கள். பள்ளியில் யார் கற்பிப்பது, எதுவரை கற்பிப்பது, கற்ற பிள்ளை பின்னர் என்ன செய்வது என்பவற்றைப் பற்றிக் கேட்பாரில்லை. கங்காணியோ, கிராணியோ, கோயிற் பூசாரியோ, எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரோ ஒருவர் உபாத்தியாயரானார். அவர் காலையில் காட்டுக் கணக்கை முடித்துவிட்டு வந்தபின் பாடம் நடந்தது. பிள்ளைகளில் பெரியவர்கள் தாய்க்கு ஒத்தாசையாகப் பால் காட்டுக்குப் போய்விட்டால் அன்று அவர்களுக்குப் பாடமில்லை. நான்கு எழுத்துக் கற்றவன் ஊருக்குக் கடிதம் எழுதுவான், அத்தோடு சரி. பள்ளிக்கூடம் தோட்டத்தின் எல்லைக்குள் இருந்தது. அது கொடுத்த கல்வியும் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

தொழிலாளர் இதை உணராமல் இருந்தார்கள் என்று எண்ணுதல் பெருந்தவறு. 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு சுற்றுப்புறங்களுக்கும் பரவிய பெரும் வேலைநிறுத்தத்தை நம்மில் முதியோர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கலாம். அதில் முன்நின்ற ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் உதவியாசிரியராயிருந்தவர். அரசாங்கம் அவரைக் கைது செய்து நாடு கடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவு ஒழியவேண்டும் என்றார்கள். அந்தப் பட்டியலிலேயே, பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. அரை வயிற்றுக் கஞ்சிக்காரன் கூலி கேட்டதில் வியப்பில்லை. அவன் அதனோடு சேர்த்துப் பள்ளிக்கூடமும் கேட்டான். 'தோட்டத்தானுக்குப் படிப்பில் அக்கறை கிடையாது' என்று பட்டணத்துத் தமிழர் சிலர் இன்றும் கூசாமல் சொல்லித் திரிகின்றனர். துப்பாக்கிக்கு முன் நின்று படிப்புக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் அவர்கள் பேசுகிறார்கள்!

நிற்க. சுதந்திரத்தை ஒட்டி வந்த மாறுதல்களைச் சுருங்கச் சொல்லலாம். 1956-ல் ரசாக் அறிக்கையும் 1960-ல் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் வந்தன. தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் சேர்ந்தன. இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு 1964-ல் நீங்கியபோது ஒரு பெருந்தடை அகன்றது. ஆறாம் ஆண்டு முடித்த தோட்டத்துப் பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய்மொழி பயின்று, பஸ் ஏறிப் பட்டணத்துப் பள்ளிக்குப் போகலாயிற்று. போனவர்களுள் எத்தனை பேர் மூன்றாம் படிவத்தோடு நின்றார்கள் என்பதை ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு குடும்பமும் தன் விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம். இதற்கிடையே 1950-களின் இறுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் பலரை வீதிக்கு அனுப்பியது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது அதே நிலத்துக்கு முன்போல் அத்தனை கைகள் தேவைப்படவில்லை. தென்னமரத்தில் 1917-ல் நட்ட பயிர், அறுபது ஆண்டுகளுக்குள் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பால்வெட்டுக்காரரின் வேலையைக் குறைத்துவிட்டது.

இனி வருவது இக்கதையின் மிக விசித்திரமான பகுதி. 1996-ல் மலேசிய அரசாங்கம் மல்டிமீடியாப் பெருவழி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. உலகத்துக் கணினி நிறுவனங்களை இந்நாட்டுக்கு அழைப்பது அதன் நோக்கம். 1997-ல் சைபர்ஜெயா என்ற நகரம் தொடங்கப்பட்டது. அதன் அண்டையில் புத்ராஜெயா எழுந்தது. புத்ராஜெயா எழுந்த நிலம் யாது? பிராங் பெசார் தோட்டம்! முதல் உலகப் போரில் ஈடுபட்டுத் திரும்பிய ஆங்கிலேயச் சிப்பாய் அதிகாரிகள் 1921-ல் திறந்த தோட்டம் அது. பெருபோர் என்பதே அதன் பெயரின் பொருள். அங்கே உண்டாக்கிய ரப்பர் ஒட்டுவகைகள் இன்றும் அதன் முதலெழுத்துக்களான பி.பி. என்ற அடையாளத்தோடு இந்தியாவிலும் பிற நாடுகளிலும் பயிராகின்றன. அந்த மரங்களை வெட்டிப் பால் எடுத்தவர் தமிழர். அரசாங்கத் தலைநகருக்காக அதுவும் அதைச் சார்ந்த தோட்டங்களும் கலைக்கப்பட்டபோது, அத்தொழிலாளர் டெங்கிலுக்கு அருகே அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றப்பட்டனர். கணினி யுகம் இந்நாட்டில் காலடி வைத்த இடமே தோட்டத்துப் பிள்ளையின் பிறந்த மண். ஆனால் அந்த யுகத்தின் மேசை நாற்காலியில் அவன் உட்காருவதற்குரிய கல்வியை யார் தந்தார்கள்?

முதலில் தர முன்வந்தவர்கள் வியாபாரிகள். 1980-களிலும் 1990-களிலும் பட்டணத்துக் கடைவீட்டு மாடிகளில் கணினி வகுப்புகள் காளான்போல் முளைத்தன. தட்டச்சுப் பழக்கமும் கடிதம் அச்சிடும் பழக்கமும் சொல்லிக்கொடுத்து, பொன்னிற ஓரமிட்ட சான்றிதழ் ஒன்றையும் வழங்கினர். சம்பள முன்பணம் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோர் பலர். அச்சான்றிதழ்களுள் பலவற்றை வேலை கொடுப்போர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஏமாற்றத்தின் தழும்பு, கணினிப் படிப்பு என்றாலே சந்தேகிக்கும் மனப்பான்மையாக நம் குடும்பங்களில் இன்னும் கிடக்கிறது.

சமூகக் கல்லூரி இதற்குப் பின்னர் வந்தது. இக்கல்லூரிமுறை அமெரிக்காவில் பிறந்தது. 1901-ல் ஜோலியட் நகரில் திறக்கப்பட்டதே அங்கு நிலைத்த முதற் பொதுக் கல்லூரி. மலேசிய அமைச்சரவை 2000-ல் இத்திட்டத்துக்கு இசைவளித்து, 2001-ல் முன்னோடிக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2004 முதல் இவை உயர்கல்வி அமைச்சின் பொறுப்பில் வந்தன. எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த புள்ளி வாங்காதவனுக்கும் இங்கே இடம் உண்டு. கட்டணம் சொற்பம். வேலை பார்ப்பவரும் வீட்டிலிருக்கும் பெண்களும் சேரக்கூடிய குறுகியகாலப் பயிற்சிகளும் உண்டு. சிலாங்கூரில் சபாக் பெர்ணம், செலாயாங், குவாலா லங்காட் முதலிய இடங்களில் இக்கல்லூரிகள் அமைந்தன. கணினியைப் பிரித்துப் பூட்டுதல், கோளாறு கண்டுபிடித்தல், ஓர் அலுவலகத்துக் கணினிகளைக் கம்பியால் இணைத்தல், கணக்கேடுகளைக் கணினியில் அமைத்தல் போன்ற கைவேலையோடு கலந்த கல்வி இத்தகைய கல்லூரிகளுக்கு உரியது. சான்றிதழ் பெற்றவன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிக்கலாம்.

தோட்டப் பள்ளிச் சட்டம் மறந்த கேள்வி ஒன்று உண்டென்று மேலே சொன்னோமல்லவா? கற்றவன் பின்னர் எங்கே போவது என்பது அக்கேள்வி. சமூகக் கல்லூரி அதை மறக்கவில்லை. சான்றிதழ் படிப்பின் ஒரு பகுதியாகத் தொழிலிடப் பயிற்சி அமைந்துள்ளது. மாணவன் சில மாதம் ஒரு நிறுவனத்தில் இருந்து வேலை பழகவேண்டும். இந்தச் சில மாதத்தை நம்மவர் ஒரு சடங்காகக் கருதுகின்றனர். என் கருத்தில் முழுப் படிப்பிலும் தோட்டத்துப் பிள்ளைக்கு இதுவே பெரிது. பட்டணத்து வியாபாரியின் மகனுக்கு மாமனோ சித்தப்பனோ ஏதாவதோர் அலுவலகத்தில் இருப்பார். 'நாளைக்கு வரச்சொல்' என்ற ஒரு சொல்லில் அவனுக்கு வழி திறந்துவிடும். செம்பனைக் குலை வெட்டுபவரின் மகளுக்கு அலுவலகத்தில் அறிந்தவர் எவருமில்லை. தொழிலிடப் பயிற்சியில் நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்து, தெரியாததைக் கேட்டு, நல்ல பெயர் எடுத்தாளாயின், அவளுக்கும் 'இவளை நான் அறிவேன்' என்று சொல்ல ஒருவர் உண்டாகிறார். அப்படியிருக்க, வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக ஏதோ ஒரு கடையில் கையெழுத்து வாங்கிப் பயிற்சியை முடிக்கும் மாணவர்கள், கைக்கு வந்த கனியைக் காலால் தள்ளுகிறார்கள்.

இவ்விஷயத்தில் தென்னிந்திய அநுபவம் ஒன்றும் அறியத்தக்கது. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னை மயிலைக் கத்தோலிக்க மறைமாவட்டமும் சமூகக் கல்லூரிகளைத் தொடங்கின. சென்னைக் கல்லூரியின் பின்னணியில் உழைத்தவர் சேவியர் அல்போன்ஸ் என்னும் இயேசு சபைத் துறவி. பள்ளியில் தோற்றவர், ஏழைகள், பெண்கள் ஆகியோரையே முதலில் நினைத்து அத்திட்டம் வகுக்கப்பட்டது. தொழில் கற்பிப்பதற்கு முன் வாழ்க்கைத் திறன் கற்பித்தார்கள்: அந்நியர் முன் நிமிர்ந்து பேசுதல், தன்னைப் பற்றித் தெளிவாகச் சொல்லுதல், பிறரோடு கூடி வேலை செய்தல். பிறகே தொழிற்பாடமும், தொழிலிடப் பயிற்சியும், வேலைக்கு ஆயத்தமும். நம் தோட்டத்துப் பிள்ளைகளில் கணினி தெரிந்தவர்கள் கூட நேர்முகத் தேர்வு அறையில் தலைகுனிந்து 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் சொல்லித் திரும்புவதைக் கண்டவர்களுக்கு, இந்த வரிசையின் நியாயம் விளங்கும். துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்கிய பழக்கம் சட்டத்தில் ஒழிந்தது. முதுகெலும்பில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

குறைகளையும் மறைத்தல் கூடாது. ஈராண்டுச் சான்றிதழ் ஒருவனைப் பொறியாளன் ஆக்காது. கணினித் தொழில் ஆண்டுக்காண்டு மாறுவது; இன்று கற்ற கருவி நாளை பழையதாகும். கற்பிக்கும் மொழி மலாய். வேலையிடத்திலோ ஆங்கிலம் பெரிதும் வேண்டியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக நம்மவரிடம் ஒரு பொய்க் கௌரவம் இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் லாரியோ காவல் வேலையோ என்று இரண்டே கதவுகளைக் காண்கின்றனர். நடுவில் உள்ள கதவைத் தட்டுவது கேவலமாம்! 1999-ல் தொடங்கிய சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் பெஸ்தாரி ஜெயாவிலேயே செம்பனைக்கு நடுவே நிற்கிறது. சான்றிதழில் தொடங்கியவன் டிப்ளோமா முடித்து அவ்வாயிலுக்கு வந்து சேருவதைத் தடுப்பார் யார்?

வடக்குச் சிலாங்கூரில் புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்டனர், மின்யாக், சுங்கை திங்கி ஆகிய 5 தோட்டங்களின் பழைய தொழிலாளர் ஒரு சொந்த வீட்டுக்காகவே பல்லாண்டு போராடினர். வீட்டுக்கே இந்தப் பாடு என்றால், படிப்புக்குப் போகும் பஸ் கட்டணம் அக்குடும்பங்களுக்கு எளிய செலவன்று. கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் கல்லூரிக்குப் போகிறவன் தஞ்சோங் காராங், சேக்கிஞ்சான், சுங்கை பெசார் எல்லாவற்றையும் கடக்கவேண்டும். செலாயாங் போகிறவன் எதிர்த்திசையில் தலைநகர்ப் பக்கம் திரும்பவேண்டும். பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாய்க்குத் தங்குமிடமே முதற் கேள்வி. ஆலய நிர்வாகங்களும், தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களும், இளைஞர் மன்றங்களும் எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்திலேயே இக்கல்லூரிகளுக்கு நேரில் சென்று, எந்தப் படிப்பு எங்கே நடக்கிறது, தங்க இடம் உண்டா, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று கேட்டு, அதை லயத்து வாசலிலும் கோயில் முன்றிலிலும் தமிழில் எழுதி ஒட்டிவைத்தால், அதற்கு ஆகும் செலவு ஒரு வேன் வாடகையும் நாலு தாள்களுமே.