மரபியல் கூறும் சிற்றுயிர்ப் பாகுபாடு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து நிறுத்துகின்றது. மெய், நா, மூக்கு, கண், செவி, மனம் என அறிவு ஒவ்வொன்றாக ஏறி வருதலே அவ்வகுப்பின் அடிப்படையாகும். முதுகெலும்பில்லாச் சிற்றுயிர்கள் அதன் இடைப்படிகளில் அமைகின்றன: நந்தும் முரளும் ஈரறிவின, சிதலும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின. இதனை இக்கால விலங்கியலோடு ஒப்பிடுவார், மேலைநாட்டார் அண்மையிற் கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர் என முடிப்பதுண்டு. யானும் மாணவர்க்குப் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன். அம்முடிபு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அரிஸ்டாட்டில் விலங்குகளைக் குருதியுடையன, குருதியற்றன என இருவகைப்படுத்தினார். லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பத்தாம் பதிப்பில் விலங்குகளை ஆறு வகுப்பாக்கி, சிற்றுயிர்களைப் பூச்சிகள், புழுக்கள் என்னும் இறுதி இரண்டனுள் அடக்கினார். நண்டும் சிலந்தியும் அவர்க்குப் பூச்சிகளே. 1793இல் பாரிசு நகர இயற்கை வரலாற்றுக் காட்சியகத்திற் பேராசிரியராக அமர்ந்த லாமார்க், 1801இல் வெளியிட்ட நூலில் அவ்விரண்டையும் பூச்சிகளினின்று பிரித்துத் தனி வகுப்புகளாக்கினார். ஈயினங்களை ஆய்ந்த செருமானிய அறிஞர் வில்லி ஹென்னிக், 1950இல், வெறும் ஒப்புமை உறவாகாது. பொது முன்னோர்பால் புதிதாகத் தோன்றி வழிவழி வந்த பண்புகளே உறவுக்குச் சான்றாம் என நிறுவினார். அன்று தொட்டுப் பாகுபாடு என்பது கால்வழி ஆராய்ச்சியாயிற்று.

இவ்வளவைகொண்டு மரபியலை நோக்குவோம். பூச்சிகள் நண்டின் பேரினத்தினின்றே கிளைத்தன என 2010இல் வெளியான மரபணு ஆய்வு வலியுறுத்தியது. தும்பியை வண்டெனக் கொள்ளினும் தட்டாரப்பூச்சி எனக் கொள்ளினும் அது பூச்சியே. ஆகவே நண்டையும் தும்பியையும் ஒருங்கு வைத்தது வியத்தகு முன்னறிவு போலத் தோன்றும். ஆயின், சிதல் கரப்பான் வழியினது என்பதை 2007இல் வெளியான ஆய்வு தெளிவாக்கியது. எறும்போ குளவி, தேனீக்களின் உறவு. அவ்விரண்டனையும் மரபியல் ஒருங்கு வைக்கின்றது. முன்னதை முன்னறிவு எனக் கொள்வார், பின்னதைப் பிழை எனக் கொள்ளல் வேண்டும். ஒன்றை எடுத்து மற்றொன்றை மறைத்தல் ஆராய்ச்சி நெறியன்று.

உண்மை யாதெனின், தொல்காப்பியர் கால்வழியை வினவினாரல்லர் என்பதே. இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றின் வழக்கை வரையறுக்கும் இயலில், உயிர் உலகை அறியும் வாயில்களை எண்ணி அவர் வகுத்தார். நத்தைக்கும் எறும்பினங்கள் பலவற்றிற்கும் கண் உண்டு என இன்று அறிவோம். அதனால் அவர் அளவுகோல் உடற்கூற்றியலாரது அளவுகோலும் அன்று. அதன் நெருங்கிய உறவைச் சமண நூலாகிய தத்துவார்த்த சூத்திரத்திற் காணலாம். புழு, எறும்பு, வண்டு, மனிதன் எனப் பொறிகள் ஒவ்வொன்றாய் மிகும் ஏணியை அந்நூலும் அமைக்கின்றது. ஒப்பாய்வு செல்ல வேண்டிய திசை அதுவே.

மரபியல் என்னும் சொல் இன்று பாரம்பரிய அறிவியலுக்கும் பெயராய் வழங்குதலின் மயக்கம் மிகுகின்றது. முதுகலை மாணவர் பெயரொற்றுமையால் பொருளொற்றுமை கொள்ளாதொழிக. இழிந்தனவாகக் கருதப்படும் சிதலையும் நந்தையும் மக்களோடு ஒரே வரிசையில் நிறுத்தி எண்ணியதே தொல்காப்பியர்க்குப் பெருமை. அப்பெருமைக்கு இரவற்சான்று வேண்டுவதில்லை.