கார் சீட்டில் கிடந்த துப்பாக்கி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்த மாணவன் ஒருவன் இப்போது கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறான். போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டான்.

"சார், கூட வேலை செய்கிறவர் காரில் போனேன். சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு இரும்புப் பெட்டி. அதைக் கம்பி வடம் போட்டு சீட்டின் சட்டத்தோடு பிணைத்து வைத்திருக்கிறார். என்னவென்று கேட்டால் துப்பாக்கிப் பெட்டியாம். வண்டியை நிறுத்திவிட்டுப் போனால் துப்பாக்கியை இப்படிப் பூட்டித்தான் வைக்கணுமாம். கடையில் போய் துப்பாக்கி வாங்குகிற நாட்டில் இதற்கு ஒரு சட்டமா சார்?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு.

முதலில், துப்பாக்கி ஏன் காரிலேயே தங்குகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் வெளியே போகும்போதும் அதை எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் நீதிமன்றம், பள்ளிக்கூடம், தபால் நிலையம் போன்ற இடங்களுக்குள் கொண்டு போகக் கூடாது. அலுவலகங்கள் பலவற்றிலும் தடை உண்டு. அப்படியானால் வாசலில் என்ன செய்வது? காரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இதைப் பற்றிய சட்டங்கள் முதலில் துப்பாக்கிக்காரரின் உரிமையைக் காப்பதற்காகத்தான் வந்தன. 1986-இல் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் துப்பாக்கியோடு பயணம் செய்கிறவரை, வழியில் உள்ள மாநிலங்கள் பிடித்து வழக்குப் போடக் கூடாது என்பது அதன் நோக்கம். நிபந்தனை என்னவென்றால், துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடத்திலும் இருக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். முன்பக்க டேஷ்போர்டு அறையைப் பூட்டினால் மட்டும் போதாது என்று சட்டமே சொல்கிறது.

அடுத்தது 2002. ஓக்லஹோமா மாநிலத்தில் வேலியண்ட் என்ற சிற்றூர், வேட்டைக்குப் பேர்போன பகுதி. அங்கே ஒரு காகித ஆலையின் வாகன நிறுத்துமிடத்தில் சோதனை போட்டு, காரில் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்கள் சிலரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஊரே கொதித்தது. 2004-இல் மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: பூட்டிய காருக்குள் துப்பாக்கி இருந்தால் முதலாளி அதைத் தடுக்க முடியாது. வழக்கு நடந்தது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஃபுளோரிடா, டெக்சாஸ் என்று மற்ற மாநிலங்களும் இதே வழியில் சட்டம் செய்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கார் என்பது வீட்டின் நீட்சி, என் வீட்டில் நான் வைப்பதை யார் கேட்பது என்பதுதான் இந்த வாதத்தின் அடிப்படை. ஆனால் வீட்டுக்குச் சுவர் உண்டு. காருக்கு இருப்பது கண்ணாடி. அதை உடைக்கச் சில நொடிகள் போதும். இந்த வேறுபாட்டுக்கு சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015-இல் விலை கொடுத்தது.

அந்த ஆண்டு ஜூன் 27. மத்திய அரசின் நில நிர்வாகத் துறையைச் சேர்ந்த காவலர் ஒருவர் குடும்பத்தோடு பயணம் போகிற வழியில், அந்த நகரின் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திவிட்டுப் போனார். குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி ஒரு முதுகுப்பைக்குள் காரிலேயே இருந்தது. கண்ணாடியை உடைத்து யாரோ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாலு நாள் கழித்து, ஜூலை 1 மாலை. அதே கடற்கரைச் சாலையில் உள்ள 14-ஆம் எண் படகுத்துறையில், 32 வயதுப் பெண் ஒருவர் தன் அப்பாவோடு நடந்துகொண்டிருந்தார். ஒரு வெடிச்சத்தம். தரையில் பட்டுத் தெறித்த குண்டு அவர் முதுகில் பாய்ந்தது. அப்பா கண்ணெதிரே சாய்ந்தார். சுட்டவர் கையில் இருந்தது அந்தக் காவலரின் துப்பாக்கி.

சுட்டவர் மெக்சிகோக்காரர். ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். அவ்வளவுதான், தேசம் முழுவதும் எல்லை, குடியேற்றம் என்றே பேச ஆரம்பித்தது. அப்போதுதான் தேர்தல் களத்தில் இறங்கியிருந்த டிரம்ப்பும் இதைக் கையில் எடுத்தார். அந்தப் பேச்சுக்கும் இடம் உண்டுதான். ஆனால் முதுகுப்பையில் கிடந்த துப்பாக்கியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

கதை அதோடு முடியவில்லை. செப்டம்பரில், பக்கத்து நகரமான ஓக்லண்டில் சுவரோவியம் வரைந்துகொண்டிருந்த ஓவியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கி, குடியேற்றத் துறை அதிகாரி ஒருவரின் காரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் திருடப்பட்டது. அக்டோபரில், கனடாவிலிருந்து சுற்றுலா வந்த இளம்பெண் ஒருவரும், அடுத்த இரண்டு நாளில் இன்னொருவரும் ஒரே துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதுவும் சான் பிரான்சிஸ்கோவில் நிறுத்தியிருந்த, பூட்டாத ஒரு வண்டியிலிருந்து போனது. நாலு மாதத்துக்குள் நாலு உயிர்.

அதன் பிறகுதான் சட்டம் வந்தது. 2016-இல் நிறைவேறி, 2017 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் நடைமுறையில் இருக்கிறது. ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டுப் போனால் டிக்கியில் வைத்துப் பூட்ட வேண்டும். அல்லது பூட்டிய பெட்டிக்குள், வெளியிலிருந்து கண்ணில் படாதபடி வைக்க வேண்டும். டேஷ்போர்டு அறை கணக்கில் சேராது. மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். போலீஸ்காரர்களுக்கும் இது பொருந்தும். மாணவன் பார்த்த பெட்டிக்குப் பின்னால் இருப்பது இந்தச் சட்டம்தான். துப்பாக்கி திருட்டுப் போனால் ஐந்து நாளுக்குள் புகார் தர வேண்டும் என்பதும் அந்த மாநிலத்தில் பிறகு வந்தது. நியூயார்க் 2022-இல் இதுபோல் சட்டம் செய்தது. கொலராடோவில் 2025 முதல் வண்டியையும் பூட்ட வேண்டும், உள்ளே கெட்டியான பெட்டியையும் பூட்ட வேண்டும்.

வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சுட்டவரைக் கொலைக் குற்றத்திலிருந்து 2017-இல் ஜூரிகள் விடுவித்தார்கள். துப்பாக்கி கீழே கிடந்து கிடைத்தது, தானாக வெடித்தது என்பது அவர் தரப்பு வாதம். பெண்ணின் பெற்றோர் மத்திய அரசின் மீது போட்ட வழக்கை 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. காவலர் துப்பாக்கியைக் காரில் விட்டதற்கும் அந்தச் சாவுக்கும் இடையே தூரம் அதிகம், இடையில் பலருடைய செயல்கள் இருக்கின்றன என்றது நீதிமன்றம்.

சட்டத்தின் கண்ணுக்கு அது தூரமாக இருக்கலாம். நான் எண்ணிப் பார்த்தேன். நாலு நாள், அதே சாலை.

மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். தம்பி, அந்த நாட்டில் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை இப்போதைக்குத் தீராது. ஆனால் பூட்டில் இரண்டு கட்சிக்காரருக்கும் நஷ்டமில்லை. உன் நண்பர் வண்டியை நிறுத்திய இடத்தில் வைத்து, நாலு பேர் பார்க்க அந்தப் பெட்டியைத் திறந்து மூட வேண்டாம் என்று சொல். கிளம்பும்போதே பூட்டிவிடட்டும். துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று காட்டும் ஸ்டிக்கர் கண்ணாடியில் இருந்தால் கிழித்துவிடட்டும். துப்பாக்கியின் வரிசை எண்ணை வீட்டில் எழுதி வைக்கட்டும். இரவு வீடு திரும்பியதும் துப்பாக்கியையும் வீட்டுக்குள் கொண்டு போகட்டும். கார் இரவு தங்க வைக்கிற இடமில்லை.

வேறு மாநிலங்களில் இருக்கும் என் பழைய மாணவர்கள், உங்கள் ஊரில் சட்டம் எப்படி என்று கீழே எழுதுங்கள். எழுதிய எல்லாருக்கும் பதில் போடுவேன்.