அண்ணன் ஆடிய ஒரே டெஸ்ட்

2006 ஜூன் 13, பெல்ஃபாஸ்ட். அயர்லாந்து தன் முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியை ஆடுகிறது. எதிரி, இங்கிலாந்து. அயர்லாந்து அணியில் டொமினிக் ஜாய்ஸ். இங்கிலாந்து அணியில் அறிமுகமானவர் யார் தெரியுமா? அவருடைய சொந்த அண்ணன், எட் ஜாய்ஸ்!

துரோகம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அண்ணனுக்கு டெஸ்ட் ஆட ஆசை. அயர்லாந்துக்கோ அன்று டெஸ்ட் அந்தஸ்தே கிடையாது. வேறு என்னதான் செய்வார் மனுஷன்?

2007-ல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 107 அடித்தார். ஆனாலும் இங்கிலாந்து அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு தரவேயில்லை. 2011-ல் அயர்லாந்து அணிக்கே திரும்பிவிட்டார்.

2017-ல் அயர்லாந்துக்கு டெஸ்ட் அந்தஸ்து வந்தது. 2018 மே மாதம், டப்ளினை ஒட்டிய மலஹைடில் பாகிஸ்தானுடன் முதல் டெஸ்ட். களமிறங்கியபோது எட் ஜாய்ஸுக்கு வயது 39. அடித்தது 4, 43. அதே மாதம் ஓய்வு.

எதைத் தேடி அடுத்த நாட்டுக்குப் போனாரோ, அது கடைசியில் சொந்த மண்ணில்தான் கிடைத்தது. அதுவும் ஒரே ஒரு தடவை.