யந்திரத்தின் மூளை யாருக்குச் சொந்தம்?

இரும்பைக் கடைந்து உருவாக்கும் தொழிலாளியின் திறமை அவன் கையில் இருக்கிறது. எங்கே அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்று வாயால் விளக்கச் சொன்னால் அவனே திணறுவான். அந்த வித்தையை அவனிடமிருந்து பிரித்து யந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த கதை அமெரிக்காவில் நடந்தது.

இரண்டாம் உலகப் போரை அடுத்து அங்கே இரண்டு வழிகள் தோன்றின. தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைச் செய்ய, அவன் கையசைவை நாடாவில் பதிந்துகொண்டு யந்திரம் திருப்பிச் செய்வது ஒரு வழி. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி இதைச் செய்து பார்த்தது. உருவத்தை எண்களாக்கி, அந்த எண்களாலேயே யந்திரத்தை ஓட்டுவது ஜான் பார்சன்ஸ் கண்ட வழி. விமானப்படை பணம் கொடுக்க, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952இல் அத்தகைய யந்திரத்தை ஓட்டிக் காட்டியது. எண்களே வென்றன. அதிகாரம் பட்டறையை விட்டு நிர்வாகிகளின் அறைக்குப் போகவேண்டும் என்ற விருப்பமும் அதற்கு ஒரு காரணம் என்று சரித்திர ஆசிரியர் டேவிட் நோபிள் 1984இல் எழுதினார்.

அறைக்குப் போன வித்தை பிறகு பெட்டிக்குள் பூட்டப்பட்டது. யந்திரத்தை இயக்கும் மூளையின் ரகசியம் அதைச் செய்த கம்பெனியிடமே தங்கியது. அந்தப் பெட்டி கெட்டு, செய்தவரும் கைவிட்டுவிட்டால், நல்ல யந்திரம் பாழாய்க் கிடக்க வேண்டியதுதான்.

பூட்டைத் திறந்தது ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடம் என்பதுதான் வேடிக்கை! 1990களில் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம், சாதாரணக் கம்ப்யூட்டரால் யந்திரத்தை இயக்கும் மென்பொருளை எழுதி, ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்றில் சோதித்தது. அந்நாட்டுச் சட்டப்படி, மத்திய அரசு ஊழியர் கடமையாக எழுதியதற்குப் பதிப்புரிமை கிடையாது. ஆகவே ஆர்வலர்கள் அதை எடுத்து, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் வளர்த்தார்கள். வெட்டும் கருவி உலோகத்தில் இருக்கையில் கம்ப்யூட்டர் தாமதிக்கலாகாது. விநாடிக்கு ஆயிரம் முறை கணக்குப் பார்த்து ஆணையிட வேண்டும். அதற்கென்றே திருத்திய லினக்ஸ் தேவைப்பட்டது. இ.எம்.ஸி. என்ற பழைய பெயருக்கு அதே பெயருள்ள கம்பெனி ஆட்சேபம் சொல்லவே, 2011இல் அது லினக்ஸ்சி.என்.சி. ஆயிற்று.

இதற்கு உத்தரவாதம் தருவார் யாருமில்லை. அவசரத்தில் நிறுத்தும் பொத்தானைத் தனியே, சரியாக அமைப்பது பட்டறைக்காரரின் பொறுப்பு. ஆனாலும், தம் யந்திரம் ஏன் அப்படி நகர்கிறது என்று திறந்து பார்க்கவும் திருத்தவும் அவருக்கு உரிமை உண்டு. கையிலிருந்து போன வித்தை முழுவதும் திரும்பிவிடவில்லை. திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கிறது.