கல்லீரல் புற்றுநோயின் போக்கை முன்னறிய உதவும் டி.என்.ஏ. மெத்தில் குறிகள்: ஒரு விளக்கம்

கல்லீரலில் தோன்றிய புற்றுநோய்க் கட்டியை அறுவைச் சிகிச்சை மூலம் முழுமையாக அகற்றிய பின்னரும், ஐந்து ஆண்டுகளுக்குள் 70 சதவீதம் வரையிலான நோயாளிகளுக்கு அது மீண்டும் தோன்றுகிறது. எவருக்கு நோய் திரும்பும், எவர் நீண்டகாலம் நலமுடன் இருப்பார் என்பதைக் கட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு உறுதியாகக் கூற இயலுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய சான்றாக, கட்டியின் டி.என்.ஏ. மீது படியும் மெத்தில் குறிகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

நோயின் பரவல்

உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 8 லட்சத்து 66 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 7 லட்சத்து 58 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். புற்றுநோய் மரணங்களில் இது மூன்றாவது இடத்தில் உள்ளது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் 75 முதல் 85 சதவீதம் வரை கல்லீரல் செல்களில் உருவாகும் 'ஹெப்பட்டோசெல்லுலர் கார்சினோமா' வகையைச் சேர்ந்தவை.

ஹெப்படைட்டிஸ் பி மற்றும் சி வைரஸ் தொற்றுகள், மதுப்பழக்கம், கொழுப்புக் கல்லீரல் நோய், பூஞ்சை பிடித்த தானியங்களிலும் வேர்க்கடலையிலும் காணப்படும் அஃப்ளாடாக்சின் நச்சு ஆகியவை இதன் முதன்மைக் காரணங்கள். உலக சுகாதார அமைப்பின் கணக்கின்படி, 2022-ல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெப்படைட்டிஸ் பி தொற்றுடனும், 55 லட்சம் பேர் ஹெப்படைட்டிஸ் சி தொற்றுடனும் வாழ்ந்து வந்தனர்.

மெத்திலேற்றம் என்பது என்ன?

டி.என்.ஏ. என்பது அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் ஆகிய நான்கு வேதிக் கூறுகளின் வரிசையாகும். சைட்டோசினை அடுத்துக் குவானைன் அமைந்துள்ள இடங்களில், ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட மெத்தில் தொகுதி சைட்டோசினுடன் இணைவதே மெத்திலேற்றம். இதனால் எழுத்து வரிசை மாறுவதில்லை. அந்த மரபணு செயல்படுமா, அடங்கியிருக்குமா என்பதே மாறுகிறது. ஒரே மரபணுத் தொகுப்பைக் கொண்ட கல்லீரல் செல்லும் நரம்புச் செல்லும் வெவ்வேறு பணிகளைச் செய்வதற்கு இத்தகைய குறிகளும் ஒரு காரணம்.

டி.என்.எம்.டி. 3ஏ, 3பி ஆகிய நொதிகள் இக்குறிகளைப் புதிதாகப் பதிக்கின்றன. செல் பிளவுறும்போது டி.என்.எம்.டி. 1 என்னும் நொதி அவற்றைப் புதிய செல்லுக்குப் படியெடுக்கிறது. குறிகளை நீக்கும் பணியில் டெட் வகை நொதிகள் ஈடுபடுகின்றன.

புற்றுநோயில் இரு எதிரெதிர் மாற்றங்கள்

புற்றுநோய்ச் செல்களில் இந்த ஒழுங்கு இரு வகைகளில் குலைகிறது. முதலாவதாக, மரபணுத் தொகுப்பு முழுவதிலும் மெத்தில் குறிகள் குறைகின்றன. அமெரிக்க விஞ்ஞானிகள் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க், பெர்ட் வோகல்ஸ்டீன் ஆகியோர் மனிதப் புற்றுநோய்க் கட்டிகளில் இத்தகைய குறைவைக் கண்டு 1983-ல் வெளியிட்டனர். இக்குறைவினால் குரோமோசோம்களின் நிலைத்தன்மை பாதிக்கப்படுகிறது.

இரண்டாவதாக, சில மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் மட்டும் மெத்தில் குறிகள் மிகுதியாகக் குவிகின்றன. செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி16, ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ, ஏபிசி போன்ற மரபணுக்கள் கல்லீரல் புற்றுநோயில் இவ்வாறு முடக்கப்படுவது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. நீண்டகால அழற்சிக்கு உள்ளாகி இறுகிப்போன 'சிரோசிஸ்' நிலைக் கல்லீரலிலும், புற்றுநோய் தோன்றும் முன்பே, இம்மாற்றங்களில் சில காணப்படுகின்றன.

இப்போதைய அளவுகோல்கள்

தற்போது மருத்துவர்கள் பெரும்பாலும் 1999-ல் வெளியான பார்சிலோனா நிலைப்படுத்தல் முறையைப் பின்பற்றுகின்றனர். கட்டியின் அளவு, எண்ணிக்கை, பரவல், கல்லீரலின் செயல்திறன், நோயாளியின் உடல்நிலை ஆகியவை இதில் கணக்கிடப்படுகின்றன. கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு 1996-ல் வெளியான மிலன் அளவுகோல் பயன்படுகிறது. 5 செ.மீ.க்கு மிகாத ஒரு கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள் வரை என்பது அதன் வரம்பு.

ஏ.எஃப்.பி. எனப்படும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் இரத்தப் பரிசோதனையும் வழக்கத்தில் உள்ளது. ஆயினும் கணிசமான நோயாளிகளுக்குக் கட்டி இருந்தும் இதன் அளவு உயர்வதில்லை. புற்றுநோய் இல்லாத நாள்பட்ட கல்லீரல் அழற்சியிலும் இது உயரக்கூடும். எனவே ஒரே நிலையில் உள்ளவர்களாக மதிப்பிடப்படும் இருவரின் நோய்ப் போக்கு முற்றிலும் மாறுபட வாய்ப்பு உண்டு.

மெத்தில் குறிகள் அளித்த சான்று

அறுவைச் சிகிச்சை பெற்ற 304 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து, 'ஹெப்பட்டாலஜி' இதழில் 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. 221 பேரின் மாதிரிகளிலிருந்து 36 மெத்தில் குறிகள் கொண்ட தொகுப்பு உருவாக்கப்பட்டு, வேறு 83 பேரிடம் அது சரிபார்க்கப்பட்டது. உயிர்வாழும் காலத்தோடு இத்தொகுப்பு தொடர்புடையதாக இருந்தது.

புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தின் கீழ் 2017-ல் 'செல்' இதழில் வெளியான ஆய்வில் 363 கட்டிகளின் மரபணு வரிசையும், அவற்றில் 196 கட்டிகளின் மெத்தில் குறிகளும் ஆராயப்பட்டன. அல்புமின் புரத உற்பத்திக்கான மரபணு உட்பட, கல்லீரலின் இயல்பான பணிகளுக்குரிய சில மரபணுக்கள் மெத்திலேற்றத்தால் ஒடுங்கியிருப்பதை அது காட்டியது.

கட்டியின் திசு கிடைக்காதபோதும் இப்பரிசோதனை சாத்தியமே. இறக்கும் புற்றுநோய்ச் செல்கள் தம் டி.என்.ஏ. துணுக்குகளை இரத்தத்தில் விடுகின்றன. 2017-ல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் வெளியான ஆய்வில் 1,098 கல்லீரல் புற்றுநோயாளிகளின் இரத்தமும், நோயற்ற 835 பேரின் இரத்தமும் ஒப்பிடப்பட்டன. நோயைக் கண்டறிய 10 குறிகளும், அதன் போக்கைக் கணிக்க 8 குறிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன.

கல்லீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை இரத்தப் பரிசோதனை தனி முக்கியத்துவம் உடையது. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஸ்கேன் படங்களைக் கொண்டே நோயை உறுதிப்படுத்த முடிவதால், பலரிடம் திசு மாதிரி எடுக்கப்படுவதே இல்லை.

சிகிச்சை முடிவுக்கு இது ஏன் தேவை?

அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் மீள்வதைத் தடுக்க மருந்து அளிக்கும் முயற்சிகள் இதுவரை ஏமாற்றமே அளித்துள்ளன. சோராஃபெனிப் மருந்தை 1,114 பேரிடம் சோதித்த 'ஸ்டார்ம்' ஆய்வில் பயன் தெரியவில்லை. 668 பேர் பங்கேற்ற 'ஐஎம்பிரேவ்050' ஆய்வில் அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் மருந்துகளின் கூட்டு தொடக்கத்தில் பலன் தந்தது. எனினும் நீண்டகாலக் கண்காணிப்பில் அந்தப் பலன் நிலைக்கவில்லை.

மருந்து தேவைப்படாதவருக்கு அதை அளித்தால் பக்கவிளைவும் செலவும் மட்டுமே மிஞ்சும். மீள்நோய் ஆபத்து உள்ளவர்களை மேலும் துல்லியமாகப் பிரித்தறிய முடிந்தால், கண்காணிப்பையும் புதிய மருந்துகளின் சோதனையையும் அவர்கள்பால் திருப்பலாம் என்பதே மெத்தில் குறிகள் மீதான எதிர்பார்ப்பு.

இன்னும் கடக்க வேண்டிய தடைகள்

நோயின் போக்கைக் கூறும் குறியும், எந்த மருந்து பலன் தரும் என்பதைக் கூறும் குறியும் ஒன்றல்ல. ஆபத்து மிகுதி என அறிவதனாலேயே அதைக் குறைக்கும் வழி கிடைத்துவிடாது.

மேலும், கல்லீரல் புற்றுநோயாளிகள் பலருக்கு சிரோசிஸும் இருப்பதால், மரணம் கட்டியால் நேர்ந்ததா, கல்லீரல் செயலிழந்ததால் நேர்ந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டைக் கருதாத ஆய்வில், கட்டியின் வீரியத்தைக் காட்டுவதாகத் தோன்றும் குறி உண்மையில் கல்லீரலின் நலிவை மட்டுமே காட்டக்கூடும்.

நோய்க்கான காரணம், வயது ஆகியவற்றைப் பொறுத்தும் மெத்தில் குறிகள் மாறுபடுகின்றன. சீனாவில் ஹெப்படைட்டிஸ் பி நோயாளிகளே பெரும்பான்மையினர். மேலை நாடுகளில் ஹெப்படைட்டிஸ் சி, மது, கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றின் பங்கு அதிகம். ஆகவே ஓரிடத்தில் உருவான தொகுப்பை இந்திய நோயாளிகளிடம் தனியே சரிபார்க்காமல் இங்கு பயன்படுத்த இயலாது. ஒரே மரபணுவில் வெவ்வேறு இடங்களை, வெவ்வேறு வரம்புகளோடு அளவிடும் சிறிய ஆய்வுகளை ஒப்பிடுவதும் கடினம்.

மெத்தில் குறிகளைக் குறைக்கும் அசாசிட்டிடின், டெசிட்டபின் மருந்துகள் முறையே 2004, 2006-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்டன. கல்லீரல் புற்றுநோய்க்கு அவை வழக்கமான சிகிச்சை அல்ல.

நோயாளிகள் அறிய வேண்டியவை

மெத்தில் குறிகளைக் கொண்டு நோயின் போக்கைக் கணிக்கும் முறை, கல்லீரல் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்னும் வழக்கமான நடைமுறையாகவில்லை. இத்தகைய பரிசோதனையின் முடிவை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்குவதோ, கைவிடுவதோ உகந்ததன்று. சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்துகொள்வதே இன்றைய பரிந்துரை. அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவர் குறிக்கும் கால இடைவெளியில் ஸ்கேன் பரிசோதனையைத் தவறாது தொடர வேண்டும்.

ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி தேசிய தடுப்பூசித் திட்டத்தில் குழந்தை பிறந்தவுடன் தொடங்கி இலவசமாக அளிக்கப்படுகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், ஹெப்படைட்டிஸ் பி, சி தொற்றுகளுக்கான பரிசோதனையும் மருந்துகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.